கர்ணம் வீட்டுக் கணக்கு: பஞ்சமி நிலமும் தகவல் மறுப்பின் வரலாறும்



1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறை சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள் அங்கே அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கேட்கத் திரண்டவர்கள்மீதுதான் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதற்குப் பதினோரு ஆண்டுகளும் இரண்டு நாட்களும் கழித்து, 2005 அக்டோபர் 12 அன்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நாட்காட்டியில் பக்கத்துப் பக்கத்தில் வருவதைத் தவிர இரண்டு தேதிகளுக்கும் தொடர்பு கிடையாது. ஆனாலும் காரணை மக்கள் கேட்டதில் ஒரு தகவல் கேள்வி இருந்தது. இந்த நிலம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, இப்போது யார் பெயரில் இருக்கிறது, இடையில் என்ன நடந்தது? பஞ்சமி நிலத்தைப் பற்றி நமது மேடைகளில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று அந்த நிலத்தைப் பற்றிய காகிதத்தையும், அதை நம் கண்ணில் படாமல் வைத்திருந்த முறைகளின் வரலாற்றையும் பேசலாம் என்று இருக்கிறோம்.

மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்கும் ஊருக்குள் எப்போதும் பதில் இருந்தது. அது கர்ணத்தின் வீட்டில் இருந்தது. 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிக்கப்படும்வரை நம் கிராமங்களின் நிலக் கணக்கு பெரும்பாலும் கர்ணத்தின் திண்ணையிலும் பரணிலும்தான் கிடந்தது. அவருடைய தெருவுக்குள் சேரியிலிருந்து ஒருவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடிகூட நடக்க முடியாத ஊர்கள் ஏராளம். சிட்டா, அடங்கல், ‘அ’ பதிவேடு என்று இன்று நாம் சரளமாகச் சொல்லும் பெயர்கள் எல்லாம் அந்தக் கதவுக்கு உள்ளே புழங்கிய பெயர்கள். இத்தனைக்கும் அந்தக் கணக்கு உருவானதில் நம் முன்னோரின் உழைப்பு சிறியதல்ல. நில அளவையின்போது சங்கிலி இழுத்தவர், எல்லைக் கல்லைச் சுமந்தவர், இன்னாருடைய வயல் இந்த வரப்போடு முடிகிறது என்று நடந்து காட்டியவர் எல்லாம் வெட்டியானும் தோட்டியும்தான். எல்லைத் தகராறு வந்தால் அவருடைய சாட்சியத்தைத்தான் கேட்டார்கள். ஊர் எல்லை முழுவதும் அவருக்குக் காலால் தெரியும். அதை எழுதி வைத்த ஏட்டை மட்டும் அவரிடம் காட்டவில்லை.

அலுவலகங்கள் வந்த பிறகும் நிலைமை சட்டென்று மாறிவிடவில்லை. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தெருவில் நடக்கும் உரிமைக்கான தீர்மானமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றோடு பொது அலுவலக வளாகமும் அந்தத் தீர்மானத்தில் இருந்தது என்பதை ஏனோ அதிகம் பேசுவதில்லை. அரசு அலுவலக வாசலுக்குள் நுழைவதற்கே சட்டசபைத் தீர்மானம் தேவைப்பட்ட காலத்தில், உள்ளே இருக்கும் கோப்பைப் பார்ப்பதை யார் கேட்டிருக்க முடியும்?

சட்டத்தின் பக்கம் வருவோம். 1889இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அலுவலக இரகசியச் சட்டத்தை இயற்றியது. கர்சன் காலத்தில், 1904இல், அது இறுக்கப்பட்டது. 1923இல் இன்றுவரை நீடிக்கும் வடிவத்தைப் பெற்றது. கோட்டைகளையும் படை வரைபடங்களையும் காக்கத்தான் சட்டம் என்றார்கள். ஆனால் அதனுடன் சேர்ந்து வளர்ந்த பழக்கம் தாலுகா அலுவலகத்தின் கடைசி அலமாரிவரை வந்து சேர்ந்தது. கோப்பு என்றால் அது அரசின் சொத்து, கேட்பவன் சந்தேகத்துக்குரியவன் என்ற பழக்கம்.

அந்த முதல் சட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1891இல், செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்த ஜே. எச். ஏ. ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலைமையைப் பற்றி வருவாய் வாரியத்துக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். நம் வரலாற்றை எழுதுகிற எவரும் தாண்டிப் போக முடியாத ஆவணம் அது. கடனால் கட்டுண்ட பண்ணையாள் வாழ்க்கை அதில் இருக்கிறது. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்ததால், வாய் திறந்தவர் வீட்டை இழக்க வேண்டியிருந்தது என்பது இருக்கிறது. நமக்கு இன்று முக்கியமானது அது காட்டும் தர்காஸ்து முறை. தரிசு நிலம் கேட்டு யார் வேண்டுமானாலும் அரசுக்கு மனுப் போடலாம் என்பது விதி. ஆனால் மிராசுதாருக்கு அந்தத் தரிசின்மேல் முன்னுரிமை உண்டு. ஆகவே சேரியிலிருந்து ஒருவர் மனுப் போட்டால் அந்தச் செய்தி மிராசுதாருக்குப் போகும், அவர் முன்னுரிமை கோரினால் மனு விழுந்துவிடும். மனுப் போட்டவர் மறுநாளும் அதே மிராசுதாரின் வயலுக்குத்தான் கூலிக்குப் போக வேண்டும். இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு சட்டத்தில் இதன் சாயலைப் பார்க்கப்போகிறோம்.

வருவாய் வாரியம் ட்ரெமென்ஹீரின் பரிந்துரைகளில் பலவற்றை ஏற்கவில்லை. என்றாலும் 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010-அ எண் அரசாணைகளிலிருந்துதான் பஞ்சமி நில ஒப்படைப்பின் கதை தொடங்குகிறது. பின்னர் வாரிய நிலையாணைகளில் உறுதிப்பட்ட நிபந்தனை நமக்கெல்லாம் மனப்பாடம்: முதல் பத்தாண்டுகள் நிலத்தைக் கைமாற்றக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம், மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒப்படைக்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

இந்த நிபந்தனை வாழ்வது காகிதத்தில்தான். வரப்பைப் பார்த்து எது பஞ்சமி நிலம் என்று சொல்ல முடியாது. பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டிலும் ‘அ’ பதிவேட்டின் குறிப்புப் பத்தியிலும் டி.சி. என்றோ கண்டிஷன் பட்டா என்றோ ஒரு சொல் இருக்க வேண்டும். அந்தச் சொல் இருந்தால் வாங்கியவரின் கிரயப் பத்திரம் செல்லாது. அந்தச் சொல் அடுத்த பதிவேட்டுக்கு ஏறாமல் விட்டுப்போனால், நிலம் சாதாரணப் பட்டா நிலமாகிவிடும். 1980களில் நிறைவேற்றப்பட்ட யு.டி.ஆர். திட்டத்தில் தமிழ்நாட்டின் நிலப் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டபோது எத்தனை ஊர்களில் இப்படி விட்டுப்போனது என்பது நில மீட்பில் இறங்கிய ஒவ்வொரு தோழருக்கும் தெரியும். நிலத்தைப் பறிக்க அடியாள் தேவைப்படவில்லை, ஒரு பத்தியைக் காலியாக விட்டால் போதுமாக இருந்தது. ஆகவே பழைய பதிவேட்டின் ஒரு பக்கம் நம்மைப் பொறுத்தவரை வரலாற்று ஆதாரமாக மட்டும் இருக்கவில்லை. நிலத்தின் ஆதாரமும் அதுவே.

தகவல் உரிமை இந்த நாட்டில் எங்கிருந்து வந்தது என்றால், 1975இல் ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து தொடங்குவார்கள் சட்டக் கல்லூரிக்காரர்கள். நாம் ராஜஸ்தானிலிருந்து தொடங்க விரும்புகிறோம். 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், 1994 முதல் கிராமங்களில் மக்கள் விசாரணைகள் நடத்தியது. வறட்சி நிவாரண வேலையில் குறைந்தபட்சக் கூலிகூடக் கிடைக்காதவர்கள் மஸ்டர் ரோல் எனப்படும் கூலிப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்டார்கள். செத்துப்போனவர்கள் பெயரிலும், வேலைக்கே வராதவர்கள் பெயரிலும் கூலி எழுதியிருந்தது ஊர் நடுவே வாசிக்கப்பட்டது. ஆகவே இந்தச் சட்டத்தின் தாய்வீடு கூலிக்காரர்களின் கூட்டம். தமிழ்நாடு 1997லேயே ஒரு தகவல் உரிமைச் சட்டத்தை இயற்றியது உண்மைதான், அந்த முன்னோடிப் பெருமையைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட விதிவிலக்குகளோடு வந்த சட்டம் அது. அதை வைத்து ஒரு செட்டில்மெண்ட் நகலை வாங்குவதற்குள் ஆள் ஓய்ந்துவிடுவார்.

2005 சட்டம் உண்மையிலேயே வேறு மாதிரியானது. ஏன் கேட்கிறாய் என்று கேட்க அதிகாரிக்கு உரிமை இல்லை என்று 6(2) பிரிவு சொல்கிறது. பழைய இரகசியச் சட்டத்தோடு முரண்பட்டால் தானே மேலோங்கும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று மனுதாரர் காரணம் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பில் எழுதி, சட்டத்தில் அப்படி இல்லை என்று கண்டதும் சில நாட்களில் தானாகவே அந்தப் பகுதியை நீக்கியது. ஏன் கேட்கிறாய் என்னும் கேள்வி எவ்வளவு ஆழத்தில் ஊறியிருக்கிறது என்பதற்கு இதைச் சொல்கிறோம்.

இச்சட்டத்தால் நமக்குக் கிடைத்ததும் உண்டு. பட்டியல் சாதியினருக்கான துணைத்திட்ட நிதியில் 744 கோடி ரூபாய்க்கு மேல் டெல்லி அரசு 2010 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்குத் திருப்பிவிட்டதைத் தலித் உரிமை அமைப்புகளும் வீட்டு உரிமை அமைப்பும் தகவல் மனுக்கள் மூலம்தான் வெளிக்கொண்டு வந்தன. விவகாரம் நாடாளுமன்றம்வரை போனது. யாரும் கசியவிட்ட இரகசியம் அல்ல அது. அரசின் சொந்தக் கணக்கு, கேட்டதால் வந்தது.

இனி மறுப்பின் பக்கம். எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மறைத்தே தீர வேண்டிய செய்திகள் உண்டு, அவற்றில் பல நம்முடையவை. 2015 திருத்தத்தின் வழியாக வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வந்த 15-அ பிரிவைப் பாருங்கள். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, ஜாமீன் மனு எப்போது வருகிறது என்பதைப் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அதே பிரிவு சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைத்து வைக்கவும் வழி செய்கிறது. யாருக்குத் தெரிய வேண்டும், யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்று யோசித்து எழுதிய சட்டம் இது. கேரளத்தில் திரைத்துறைப் பெண்களைப் பற்றிய ஹேமா குழு அறிக்கை 2019 டிசம்பரில் அரசிடம் கொடுக்கப்பட்டு, நான்கரை ஆண்டுகள் அலமாரியில் இருந்தது. மாநிலத் தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகு, 2024 ஆகஸ்டில், ஆட்களை அடையாளம் காட்டும் பகுதிகளை நீக்கிவிட்டு வெளியிட்டார்கள். மறைக்க வேண்டியதை வெட்டிவிட்டு மீதியைக் கொடு என்பது தகவல் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. நம் தாலுகா அலுவலகங்களில் அதிகம் கேள்விப்படாத பிரிவு.

நாம் அதிகம் கேள்விப்படுவது 11ஆம் பிரிவும் 8(1)(ஜே)யும். இந்தப் புல எண் இப்போது யார் பெயரில் இருக்கிறது, எந்த ஆணையின் பேரில் பட்டா மாறியது என்று கேட்டால், இது மூன்றாம் நபர் பற்றிய தகவல் என்று பதில் வருகிறது. 11ஆம் பிரிவின்படி, மூன்றாம் நபர் இரகசியமாகக் கருதும் தகவலை யாராவது கேட்டால், பொதுத் தகவல் அலுவலர் ஐந்து நாட்களுக்குள் அந்த மூன்றாம் நபருக்குக் கடிதம் எழுத வேண்டும். அவர் பத்து நாட்களுக்குள் ஆட்சேபிக்கலாம். மனுதாரர் யார் என்பதைச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. ஆனால் ஐந்நூறு வீடுகள் உள்ள ஊரில், ஒரு புல எண்ணைப் பற்றி யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று நிலத்தை வைத்திருப்பவருக்குக் கடிதம் போனால், கேட்டது யார் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? தர்காஸ்து மனுவை மிராசுதாருக்குத் தெரிவித்த அதே ஏற்பாடு வேறு காகிதத்தில் வந்து நிற்கிறது. தனியுரிமை நிலத்தை வைத்திருப்பவருக்கு. கேட்டவருக்கு இருப்பது ஊர்க் கூட்டம்.

இதே அரசு வேறிடத்தில் எதை ஒட்டி வைக்கிறது என்று பாருங்கள். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணம் செய்ய விரும்பும் இருவரின் பெயர், முகவரி கொண்ட அறிவிப்பைத் திருமண அலுவலர் தன் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். ஆட்சேபணைக்கு முப்பது நாட்கள். சாதி மாறி மணப்பவர்களை வெட்டிப்போடும் நாட்டில் இந்த முகவரி சென்சிடிவ் தகவல் இல்லையாம். 2021இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்த அறிவிப்பைத் தம்பதியின் விருப்பத்துக்கு விட வேண்டும் என்று சொன்னது. சட்டப் புத்தகத்தில் பிரிவு அப்படியேதான் இருக்கிறது. எது கூருணர்வுள்ள தகவல் என்று தீர்மானிக்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே தகவல் கூருணர்வு பெறுகிறது.

விசாரணை ஆணையங்களுக்கு வருவோம். 1995இல் கொடியங்குளம். 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணி, கைக்குழந்தை உட்பட 17 பேர். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடி, ஆறு பேர். ஒவ்வொன்றுக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஓர் ஆணையம் வந்தது. 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டம், ஆணையத்தின் அறிக்கையை எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்கிறது. வைக்காவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை. தகவல் மனுப் போட்டுக் கேட்டால் 8(1)(சி) பிரிவைக் காட்ட முடிகிறது: சட்டமன்றத்தில் வைக்காத அறிக்கையை வெளியே கொடுத்தால் சட்டமன்ற உரிமை மீறலாகும். வைக்க வேண்டிய ஆறு மாதத்தைத் தாண்டி அறிக்கையைப் பூட்டி வைப்பதால் மன்றத்தின் உரிமையை மீறுவது யார்? கேட்கிற குடிமகனா, வைக்காத அமைச்சரவையா? தகவல் ஆணையங்கள் இந்தக் கேள்வியை இன்னும் நேராக எதிர்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. பரமக்குடி அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது, துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தியது. வெளியே வந்ததால் வரிக்கு வரி மறுத்து எழுத முடிந்தது. பாதகமான அறிக்கையோடுகூட வாதாடலாம். பூட்டிய அறிக்கையோடு வாதாட முடியாது.

இப்போது புதிதாக ஒரு பூட்டு வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44(3) பிரிவு, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே)யை மாற்றி எழுதியது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய வாசகத்தில் தகவலை மறுக்க வேண்டுமானால் அது பொது நடவடிக்கையோடு தொடர்பற்றதாகவோ, தனியுரிமைக்குள் தேவையின்றி நுழைவதாகவோ இருக்க வேண்டும். பொதுநலன் பெரிது என்றால் கொடுத்துவிடலாம். சட்டமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்ற காப்புரையும் இருந்தது. புதிய வாசகத்தில் இவை எதுவும் இல்லை. தனிப்பட்ட தகவல் என்றால் மறுக்கலாம், அவ்வளவுதான். பொதுநலன் கருதிக் கொடுக்கலாம் என்னும் 8(2) பிரிவு தப்பித்திருக்கிறது. ஆனால் அதை எடுத்துப் பயன்படுத்த வேண்டியவர் அதே அலுவலர். 2017இல் உச்ச நீதிமன்றம் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது நாமும் மகிழ்ந்தோம். வகுப்பறையில் எழுந்து நின்று சாதி சொல்லவைக்கப்பட்ட பிள்ளைகளின் பெற்றோர் நாம். அந்த உரிமை பஞ்சமி நிலத்துக்குக் கள்ளப் பட்டா வாங்கியவரின் பெயரை மறைக்கப் பயன்படக்கூடும் என்று அப்போது நினைக்கவில்லை.

ஆகவே நில மீட்பில் இருக்கும் தோழர்கள் 8(3) பிரிவை மனுவிலேயே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மனு தேதிக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு நடந்த எந்த நிகழ்வைப் பற்றிய தகவலையும் கொடுக்க வேண்டும், (ஏ), (சி), (ஐ) ஆகிய மூன்று விலக்குகள் மட்டுமே அதற்குத் தடை என்கிறது அந்தப் பிரிவு. திருத்திய (ஜே) அந்த மூன்றில் இல்லை. 1892 அரசாணையின்கீழ் நடந்த ஒப்படைப்பும், 1980களில் யு.டி.ஆரில் விட்டுப்போன பதிவும் இருபது ஆண்டுகளைத் தாண்டியவை. சட்டமன்ற உரிமையைச் சொல்லும் (சி) அந்த மூன்றில் இருப்பதால், மேசைக்கு வராத ஆணைய அறிக்கைக்கு இந்த வழி உதவாது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மனுவில் ஆளின் பெயரைக் கேட்காமல் புல எண்ணைக் கேளுங்கள். பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, யு.டி.ஆருக்கு முந்தைய ‘அ’ பதிவேடு, யு.டி.ஆர். பதிவேடு ஆகிய மூன்றிலும் அந்தப் புல எண் உள்ள பக்கத்தின் சான்றிட்ட நகல் என்று எழுதுங்கள். பதிவேட்டை நேரில் பார்வையிடவும் சட்டத்தில் இடம் உண்டு, அதையும் சேர்த்துக் கேளுங்கள். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மனுவில் ஒருவர் பெயர் மட்டும் இருக்கும்படி விடாமல், ஒரே மனுவைப் பத்துப் பேர் தனித்தனியாகப் போடுவது நல்லது.

பதிவேடு சிதிலமடைந்துவிட்டது, கோப்பு கிடைக்கப்பெறவில்லை என்று பதில் வரும். 8ஆம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு கிடையாது. அச்சிட்ட செட்டில்மெண்ட் பதிவேடுகள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. தாலுகாவில் இல்லை என்று எழுத்தில் பதில் வாங்கியவர்கள், அந்தப் பதிலின் நகலை இணைத்து அடுத்த மனுவை அங்கே போடலாம்.